பத்தர் மினுக்கிய தோட்டாக் கோதுகள்

சனிக்கிழமை. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து லேத் மிசினைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடை வேலாயுதம் பத்தர் பிளேன்ரீக் கோப்பையும் கையுமாக வாசலில் வந்து நின்றார். அவர் அப்படி வந்து நின்றாலே எனக்குத் தெரியும், தன்னைப் பற்றிப் புகழ ஏதோ கொண்டுவந்திருக்கிறார் என்று.

"காக்கா, நேத்து நான் சுட்டுத் தந்த கோதுகள் எப்பிடி? போடியார் ஒண்டும் சொல்லல்லியா?"

அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். "நல்லாத்தான் இரிக்கி பத்தர்" என்றேன், தலையை நிமிர்த்தாமலே.

"நல்லாத்தானா? நீங்க முந்தி சுட்டு வெச்சிருந்த ஆறையும் பாத்தன். வாய்ப் பக்கம் நீலம், அடிப் பக்கம் மஞ்சள். பாதி வெந்தது, பாதி வேகாதது. எனக்குப் பாக்க ஏலாமப் போச்சு. என்ட ஆறையும் அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே சீராச் சிவக்கச் சுட்டன். பிறகு பன்னிரண்டையும் ஒண்டாப் புளியில போட்டு மினுக்கி எடுத்தன். இப்ப எது ஒங்கட, எது என்ட எண்டு எனக்கே தெரியாது!"

துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன்.

"அடியையும் சுட்டீங்களா?"

"பின்ன? நகை செய்யிறவன் பாதியச் சுட்டுப் பாதியை விடுவானா?"

பத்தருக்கு அது பெருமை. எனக்கு அது பேரிடி. ஏன் என்பதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அவசரப்படாதீர்கள். அன்றைக்கு நான் பட்ட அவசரம் எல்லோருக்கும் போதும்.

ஒரு ரைபிளும் ஒரு கண்ணும்

எழுபத்தெட்டில் புயல் அடித்துப்போன அடுத்த வருசமோ அதற்கு அடுத்ததோ, சரியாக நினைவில்லை. பட்டறைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தேன். மழை பெய்தால் மிசின் சத்தமே கேட்காது. அதைவைத்துத்தான் காலத்தைக் கணக்கிடுகிறேன்.

கல்முனைக் கடைத்தெருவில் அப்போது என் பட்டறைக்கு நல்ல பெயர். உழவு மெசின் சாமான்கள், நெல்லுக் குற்றும் ஆலையின் அச்சுகள், மருதமுனைத் தறிகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன இரும்புகள் எல்லாம் கடைந்து கொடுப்பேன். என் கையால் போன சாமான் ஒன்றும் பிழையென்று திரும்பி வந்ததில்லை. இதை அந்தக் காலத்தில் நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். பத்தரின் புழுகைப் பழிக்கும் நான் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என்னிடம் வேலை கொடுத்தவர்களில் பெரியவர் அகமதுலெவ்வைப் போடியார். போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் பெரும் வயல்காரர். மாவடிப்பள்ளிக்கு அப்பால் அவருக்கு ஒரு பெரிய வட்டை வயல். பயிர்க் காவலுக்கென்று லைசன் எடுத்த ஒரு ரைபிளும் இருந்தது. தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது போடியாரின் வாப்பா அவரிடம் வாங்கியது. கறுவாப்பட்டை நிறத்தில் கட்டை, எண்ணெய் போட்டுப் போட்டு வழுக்கும். பார்த்தால் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

வயலைக் கெடுக்கிறது காட்டுப்பன்றி. போடியார் அந்தப் பெயரை வாயால் சொல்லமாட்டார். "அதுகள் வந்திட்டு" என்பார். அதுகள் கூட்டமாக இறங்கினால் விடிந்ததும் வயலைப் பார்க்க மனம் வராது. தின்றது கொஞ்சம், உழக்கியது மிச்சம் என்று கிடக்கும்.

போடியாருக்கு இடது கண் இல்லை. இளமையில் களத்தில் சூடு மிதித்து நெல் பிரிக்கும்போது நெல்லுச் சுணை குத்திப் புண்ணாகி, பார்வை போய்விட்டது. வலது கண் ஒன்றுதான். அந்த ஒரு கண்ணால் அவர் வைத்த குறி தப்பியதில்லை என்று ஊர் சொல்லும்.

ஆனால் அந்த ரைபிளுக்குத் தோட்டா இல்லை. அந்த அளவில் இப்போது சீமையிலும் செய்வதில்லை என்று கொழும்புக் கடைக்காரன் கையை விரித்துவிட்டான்.

பெரியதைச் சின்னதாக்குதல்

ஒருநாள் போடியார் ஒரு தகரப் பேணி நிறைய வெற்றுக் கோதுகளோடு வந்தார். உலக யுத்தக் காலத்துப் பட்டாளத் துவக்குகளின் கோதுகள். பழைய பித்தளை வாங்குகிறவனிடம் கிடைத்திருக்கிறது. கூடவே அவருடைய ரைபிளின் சொந்தக் கோது ஒன்றையும் மேசையில் வைத்தார்.

"தம்பி, இதுக்கும் அதுக்கும் அடி ஒரே அளவு. கழுத்துத்தான் வித்தியாசம். இத அதாக்க ஏலுமா?"

எனக்கு இப்படிப்பட்ட கேள்வி ஒன்று போதும். சாப்பாடு இறங்காது. கோதுகளைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தேன். லைசன் புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினார். பிறகு ஒத்துக்கொண்டேன்.

உருக்கில் ஒரு அச்சுக் கடைந்தேன். பட்டாளக் கோதை அதற்குள் மெல்ல மெல்ல அழுத்தக் கழுத்து ஒடுங்கி வந்தது. நீளம் கூடியதை வெட்டி, அரத்தால் வாயைச் சீராக்கினேன். இப்படி ஒரு அளவு இன்னொரு அளவாக மாறியது. வெடிமருந்து போடுவது, குண்டு வைப்பது எல்லாம் போடியாரின் பாடு. என் வேலை வெற்றுக் கோதோடு சரி.

முதலில் செய்த நாலைந்தும் அச்சில் அழுத்தும்போதே கழுத்தில் பிளந்து போயின. பித்தளையை நெரிக்க நெரிக்க அது முறுகிவிடும். அதை இளக்க வேண்டும் என்றால் சூடு காட்ட வேண்டும். ஆனால் கழுத்துக்கு மட்டும். அடிப்பாகம் இறுக்கமாகவே இருக்கவேண்டும். தோட்டா வெடிக்கும்போது முழு வேகத்தையும் தாங்குவது அந்த அடிதான். அது இளகியிருந்தால் கிழியும். கிழிந்தால் நெருப்பும் பித்தளைத் துண்டும் பின்னால் வரும். பின்னால் இருப்பது கன்னத்தை ரைபிளில் பதித்துக் குறி பார்க்கிறவரின் கண்.

அதனால் கோதுகளை ஒரு தட்டுத் தண்ணீரில் நிறுத்திவைத்து, தண்ணீருக்கு மேலே தெரியும் கழுத்துக்கு மட்டும் சூடு காட்டுவேன். சூடு எதுவரை ஏறியது என்பதை அந்த நீல நிறம் சொல்லும். பத்தர் பார்த்து அருவருத்தாரே, அதே நீலம்தான்.

பத்தரும் அவர் வாயும்

சூடு காட்ட என்னிடம் இருந்தது ஒரு மண்ணெண்ணெய் ஊதுவிளக்கு. அது எப்போது எரியும், எப்போது அணையும் என்று அதற்கே தெரியாது. ஆகவே பத்தரின் உலையைக் கேட்டுப் போவேன். அவரும் இல்லையென்று சொன்னதில்லை.

நல்ல மனிதர். நல்ல தொழில்காரர். ஆனால் வாய்! ஒரு சங்கிலிக்குக் கொளுக்கி வைத்தால் அந்தக் கதை தெரு முனை தேத்தண்ணிக் கடைவரை போகும். நாலாம் நாள் என் காதுக்கு வரும்போது அந்தக் கொளுக்கியைப் பார்க்க மட்டக்களப்பிலிருந்து ஆட்கள் வந்திருப்பார்கள்.

"கொஞ்சம் குறைச்சுப் புழுகுங்களன் பத்தர்" என்பேன்.

"உள்ளதச் சொன்னாப் புழுகா காக்கா? ஒங்களுக்குப் பொறாமை" என்பார்.

சண்டை பிடித்ததில்லை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். நோன்பு காலத்தில் நான் தண்ணீர் குடிக்காமல் இருக்கும்போது அவரும் என் கண்ணில் படாமல்தான் பிளேன்ரீ குடிப்பார். அதையும் பிறகு வந்து சொல்லிக் காட்டுவார், அது வேறு விசயம்.

ஜும்ஆ நேரம்

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு கோது முடிக்க வேண்டியிருந்தது. கதிர் பழுக்கும் நேரம், அதுகள் இரண்டு நாளாக இறங்குகின்றன என்று போடியாரின் ஆள் வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தான். ஆறுக்கு நானே முந்தின நாள் சூடு காட்டியிருந்தேன். மிச்சம் ஆறு. பாங்கு சொல்லிவிட்டார்கள்.

தகரப் பேணியோடு பன்னிரண்டையும் பத்தரின் மேசையில் வைத்தேன். "இந்த ஆறையும் சுட்டு வையுங்க பத்தர், தொழுதிட்டு வாறன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னது. தண்ணீர்த் தட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அடியைச் சுடக்கூடாது என்றும் சொல்லவில்லை. நான் அவருடைய உலையில் பலமுறை செய்ததைப் பார்த்திருக்கிறாரே என்ற நினைப்பு. அவர் எங்கே பார்த்தார்? என் முதுகுக்குப் பின்னால் நின்று தன் கொளுக்கிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நகை செய்கிறவருக்குப் பாதிச் சூடு குறை வேலை. அழுக்கோடு ஒரு சாமானைத் திருப்பிக் கொடுப்பது மானக்கேடு. ஆகவே முழுக்கச் சுட்டார், முழுக்க மினுக்கினார். என் ஆறிலும் இருந்த நீலத்தைப் புளி தின்றுவிட்டது.

நான் தொழுதுவிட்டு வந்து பேணியைத் திறந்தேன். பன்னிரண்டும் பொன்னாக மின்னின. நீலம் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "பரவாயில்லியே பத்தர்" என்று சொல்லிப் போடியாரின் ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மாவடிப்பள்ளி வீதி

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பத்தருக்கு விசயத்தை இரண்டு வார்த்தையில் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார். "நானும் வாறன்" என்றார். மோட்டார் சைக்கிளில் அதுவரை ஏறியதே இல்லாத மனிதர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பின்னால் ஏறி, என் இடுப்பை இறுக்கிப் பிடித்தார்.

சாய்ந்தமருது கடந்தோம். காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினோம். போடியார் பின்னேரம் ஐந்து மணிபோலக் காவல் பரணில் ஏறிவிடுவார். பொழுது விழும் மஃரிபுக்கு முன்னால் அதுகள் காட்டோரம் தலை காட்டும். அதற்குள் போய்ச் சேரவேண்டும்.

வழியில் நான் என்ன யோசித்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். போடியாரின் கண்ணை யோசித்தேன். உண்மை. ஆனால் என் பட்டறையின் பெயரையும் யோசித்தேன். இந்த விசயம் வெளியே போனால் எந்தப் போடியார் என்னிடம் வேலை தருவார்? பாலம் கடக்கும்போது ஒரு பொய்யைத் தயாரித்துவிட்டேன். இதைவிடத் திறமான கோது செய்து தருகிறேன், இதைத் தாருங்கள் என்று வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது.

பத்தர் பின்னால் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. அவரோடு பழகிய இத்தனை வருசத்தில் அது முதல் தடவை.

பரணுக்கு அடியில்

மோட்டார் சைக்கிளை வாய்க்கால் கரையில் விட்டுவிட்டு வரம்பில் ஓடினோம். பத்தர் இரண்டு இடத்தில் சேற்றில் விழுந்தார். போடியார் பரணின் ஏணிக்குக் கிட்ட நின்றார். ரைபிள் கையில்.

"என்ன தம்பி இந்த நேரத்தில? பத்தரும் வந்திரிக்காரு! என்ன விசயம்?"

மூச்சு வாங்க நின்று, தயாரித்த பொய்யைச் சொன்னேன். "ஒண்டுமில்ல போடியார். இதவிடத் திறமா ஒரு பன்னிரண்டு அடிச்சுத் தாறன். இதுகளத் தாங்க, கொண்டு போறன்."

போடியார் சிரித்தார். "இதுக்கு என்ன குறை? காலைல ரெண்டு வெடி வெச்சுப் பாத்தன். அச்சொட்டா இரிக்கி. இது முடியட்டும், பிறகு பாப்பம். மூணாவது உள்ளுக்குப் போட்டாச்சி. அதுகள் இந்தா வரப்போகுது, நீங்க ரெண்டு பேரும் வாடிக் குடிசைக்குப் போய் இரிங்க."

திரும்பி ஏணியில் கால் வைத்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். திறக்கவில்லை. இன்னொரு சாட்டு ஏதாவது வருமா என்று தேடிக்கொண்டு நின்றேன். ஒரு படி ஏறினார். இரண்டாவது படி.

"ஏறாதீங்க போடியார்!"

பத்தர்தான். வயல் முழுக்கக் கேட்டிருக்கும். கொக்குகள் எழும்பிப் பறந்தன.

"நான் பிழை விட்டுட்டன் போடியார்! சுடக்கூடாத இடத்தச் சுட்டுட்டன். அது ஒங்கட கண்ணுக்குள்ள வெடிக்கும். காக்காட பிழையில்ல. நான்தான், நான்தான் செஞ்சது!"

சேறு பூசிய வேட்டியோடு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். அழுதார். போடியாரின் இரண்டாவது மகளுக்கு அந்த வருசம் கலியாணம். நகை முழுக்கப் பத்தரின் கையில் ஒப்படைத்திருந்தது. சூடு தெரியாத பத்தர் என்று போடியார் ஒரு சொல் சொன்னால் அந்த நகையும் போகும், ஊரில் மற்ற வேலையும் போகும். அதெல்லாம் தெரிந்துதான் சொன்னார்.

போடியார் இறங்கினார். ரைபிளைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். பிறகு பத்தரைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு நாக்கு வந்தது. "அவர்ட பிழையில்ல போடியார். நான் அவருக்குச் சொல்லிக் குடுக்கல்ல" என்றேன். துவக்கு வெறுமையான பிறகு சொன்ன உண்மை. அதற்கு என்ன பெறுமதி என்று நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் ஏச்சுக்குக் காத்துக்கொண்டு நின்றோம். போடியார் ஏசவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "ரெண்டு பேரும் வந்தீங்கதானே. வேற என்ன வேணும்? கால் கையைக் கழுவுங்க. சோறு திண்டிட்டுத்தான் போகணும்" என்றார்.

அன்று அதுகள் இறங்கின. போடியாரும் காவல்காரனும் நாங்கள் இருவருமாகத் தகரம் தட்டிக் கத்தினோம். ஒரு மூலை வயல் போனது. மிச்சம் தப்பியது. தகரம் தட்டுவதில் பத்தரை மிஞ்ச ஆளில்லை. பிறகு வாடியில் சிவப்பரிசிச் சோறும் விரால் மீன் ஆணமும் சாப்பிட்டோம். அந்த ஆணத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதற்குப் பிறகு விருந்துகள் எத்தனையோ சாப்பிட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் போடியார் மருந்தையும் குண்டையும் கழற்றிவிட்டு வெறும் கோதுகளை அனுப்பியிருந்தார். உள்ளே போட்டிருந்த அந்த மூன்றாவது கோதைத் தனியாகச் சுற்றியிருந்தார். அதன் அடியைக் குறட்டால் பிடித்து அழுத்தினேன். மெழுகுபோல நசிந்தது. பத்தர் சுட்ட ஆறில் ஒன்று.

குறட்டைக் கீழே வைத்துவிட்டுப் பட்டறைக் கதவைச் சாத்தி, இரண்டு ரக்அத் தொழுதேன்.

ஊர் சொன்ன கதை

போடியார் இந்தக் கதையை ஊரில் சொன்னார். அவருக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான்: மிசின்காரத் தம்பி பிழையைக் கண்டுபிடித்து, பத்தரையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து என் கண்ணைக் காப்பாற்றினான். கதை கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தபோது பத்தர் மோட்டார் சைக்கிளிலிருந்தே விழுந்துவிட்டிருந்தார். நான் மட்டும் மிச்சம்.

என் பெயர் கெடவில்லை. கூடியது. வேலை முன்னைவிட அதிகமாக வந்தது. கோது செய்யும் வேலையை மட்டும் அதற்குப் பிறகு நான் தொடவில்லை. யாராவது அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டால் சிரிப்பேன். மறுத்ததில்லை.

எண்பதுகளில் நாடு கெட்டது. பயிர்க் காவல் துவக்குகளையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். போடியார் அந்த ரைபிளை எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கள் தெருவிலும் கடைகள் பூட்டின, திறந்தன, மறுபடி பூட்டின. பத்தர் குடும்பத்தோடு மட்டக்களப்புக்குப் போய்விட்டார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போனது. அவருடைய புழுகைக் கேட்க ஆசைப்படுவேன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அவர் மௌத்தான செய்தி பிந்தித்தான் கிடைத்தது. பாதை திறந்த ஒருநாள் பஸ் பிடித்துப் போனேன். வீட்டில் அவருடைய மனைவி இருந்தார். வேலாயுதம் பத்தரின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். இவ்வளவு காலமும் ஒருவரிடமும் சொல்லாததை அந்த அம்மாவிடமாவது சொல்லிவிடவேண்டும் என்று மனதில் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"அக்கா, மாவடிப்பள்ளிப் போடியார்ட கண்ணக் காப்பாத்தினது நானில்ல. ஒங்கட மனிசன்தான்" என்றேன்.

அவர் என்னை விளங்காமல் பார்த்தார்.

"என்ன காக்கா சொல்றீங்க? எங்கட பிள்ளையளுக்கெல்லாம் அந்தக் கதை மனப்பாடம். அவர் போற வாற எடமெல்லாம் அதத்தானே சொல்லுவார். நீங்கதான் பிழையக் கண்டு பிடிச்சு, பரணுக்குக் கீழ நிண்டு 'ஏறாதீங்க போடியார்' எண்டு கத்தினீங்களாம், வயல் முழுக்கக் கேட்டுச்சு, கொக்கெல்லாம் எழும்பிட்டு எண்டு. சாகுறதுக்கு முதல் கிழமையும் டொக்டருக்கு ஒங்களப் பத்தித்தான் புழுகிக்கொண்டு கிடந்தார்."